மலையகக் கல்வியின் கதை – 14: இடாப்பில் எத்தனை பெயர்?

பூண்டுலோயாவிலோ இறம்பொடையிலோ லபுக்கலையிலோ அறுபது வயதைக் கடந்தவர்களிடம் தோட்டப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று கேட்டால், விடை ஏறக்குறைய ஒன்றாகவே வரும். ஒரு நீண்ட மண்டபம். மேலே தகரம். நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது. முதலாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை வாங்குகள் வரிசையாகக் கிடக்கும். எல்லாருக்கும் ஒரே வாத்தியார். ஒரு மூலையில் வாய்ப்பாடு உரக்க ஓடும். அந்தச் சத்தத்துக்குள்ளேயே அடுத்த வரிசை சொல்வதெழுதும். அரிச்சுவடிக்காரர்கள் சிலேட்டில் எழுதி அழித்து மறுபடி எழுதிக்கொண்டிருப்பார்கள். மழை பிடித்தால் பாடம் நின்றுபோகும். தகரத்தில் விழும் மழையை மீறிப் பேசும் தொண்டை எந்த வாத்தியாருக்கும் வாய்க்கவில்லை. இந்தக் கொத்மலைப் பகுதியில் மழை எத்தனை மாதம் என்பதை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் ஆசிரியர் முன்னால் எத்தனை பிள்ளைகள் இருக்கலாம்? எண்ணிக்கை குறைந்தால் படிப்பு கூடுமா? கல்வியறிஞர்களும் பொருளியலாளர்களும் இன்னும் சலிக்காமல் வாதாடும் கேள்வி இது. மலையகத் தோட்டங்களோ இதன் இரண்டு முனைகளையும் வாழ்ந்து பார்த்தவை. ஒரு வாத்தியாரின் இடாப்பில் ஐம்பதும் எண்பதும் பெயர்கள் நிறைந்திருந்த காலம் ஒன்று. ஒரு டீச்சர் மூன்று தரங்களுக்கும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கும் இன்றைய காலம் மற்றொன்று. அந்த எண்ணிக்கை ஏன் பெருத்தது, ஏன் சிறுத்தது என்ற கதையைத் தொடர்ந்து போனால், அதைத் தீர்மானித்த கை பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருந்தது தெரியவரும்.

முதலில் சென்னை எழும்பூருக்குப் போய்வர வேண்டும். 1789இல் அங்கே பட்டாளத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைப் பொறுப்பேற்றவர் அண்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. பெல், ஜோன் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனை அரிச்சுவடி வகுப்புக்குப் பொறுப்பாக்கினார். பையன் சாதித்துவிட்டான். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த ஏற்பாடு, 1797இல் லண்டனில் பெல் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு 'மதராஸ் முறை' என்று பெயர்பெற்றது. மறு ஆண்டே ஜோசப் லங்காஸ்டர் என்பவர் லண்டன் பரோ வீதியில் ஏறத்தாழ இதே முறையில் பள்ளி தொடங்கினார். ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை அதற்கு வெகு முன்பே இருந்தவன். ஆனால் அங்கே வாத்தியார் ஒவ்வொரு பிள்ளையின் ஓலையையும் தனித்தனியே பார்ப்பார். ஒருவன் ஆத்திசூடியில் இருப்பான், இன்னொருவன் எண்சுவடிக்குப் போயிருப்பான். சட்டாம்பிள்ளை அதற்குத் துணை. இங்கிலாந்தின் ஆலை நகரங்களுக்குப் போனபோது அதே பழக்கம் ஆசிரியர் சம்பளத்தை மிச்சம்பிடிக்கும் கணக்காகிவிட்டது. ஏழைப் பிள்ளைகளைப் பெருந்தொகையாக, குறைந்த செலவில், அடக்கமாக உட்கார வைக்க ஒரு வழி கிடைத்தது. 'வகுப்பின் அளவு முக்கியமா' என்ற வாதத்தின் முதல் பெரிய அத்தியாயம் இதுதான். அதில் வென்றது மலிவு.

மலையகத்துக்கு வருவோம். கோப்பிக் காலத்தில் தமிழ்த் தொழிலாளர் பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பினார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டு, அடுத்த இருபது ஆண்டுகளில் மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறியபோது கதை வேறானது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகள் வேண்டும், பெண்கள் வேண்டும், ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. நிலைத்த குடும்பங்களில் பிள்ளைகள் பிறந்தார்கள். 1854இலேயே தொடங்கியிருந்த தமிழ்க் கூலி மிஷனின் உபதேசியார்கள் சில தோட்டங்களில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். வேறு சில தோட்டங்களில் பெரிய கங்காணியின் ஆதரவில் லயத்துக் கோடியிலோ கோயிலடியிலோ பள்ளி நடந்தது. மற்றத் தோட்டங்களில் எதுவும் இல்லை.

தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியை ஆராய 1905இல் ஹேர்பர்ட் வேஸ் தலைமையில் ஓர் ஆணைக்குழு அமைந்தது. அதன் பின்னே வந்த 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமியப் பாடசாலைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கிடைக்கச் செய்வதும் அதற்கொரு பொருத்தமான அறையை ஒதுக்கிப் பராமரிப்பதும் தோட்டத்துத் துரையின் கடமை என்றது. சட்டப் புத்தகத்தில் இது பெரிய அடிதான். ஆனால் கடமை யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பத்து வயதில் பிரட்டுக்கு, அதாவது காலை வேலைக் கணக்கெடுப்புக்கு, வந்து பேர் கொடுக்க வேண்டிய பிள்ளையைப் படிக்க வைக்கும் பொறுப்பு, அந்தப் பிள்ளையின் கை யாருக்குத் தேவையோ அவரிடமே கொடுக்கப்பட்டது. துரையின் செலவுப் புத்தகத்தில் பள்ளிக்கூடம் ஒரு வரி. அந்த வரியில் ஒரு வாத்தியாரின் சம்பளத்துக்கு இடமிருந்தது, இரண்டாமவருக்கு இல்லை.

இப்படித்தான் 'ஒரு தோட்டம், ஒரு மண்டபம், ஒரு வாத்தியார்' என்பது மலையகத்தின் வழக்கமாகி வேர்பிடித்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் 1939ஆம் ஆண்டின் சட்டமும் விதிகளைத் திருத்தின. வாத்தியாரின் எண்ணிக்கையைத் திருத்தவில்லை. அந்த வாத்தியார்களைக் குறைசொல்வது நியாயமாகாது. அவர்களில் பலர் ஐந்து வகுப்புக்கும் பாடம் சொல்லி, மாலையில் லயத்துக்காரர்களின் கடிதங்களை எழுதிக் கொடுத்து, திருவிழாவுக்கு நாடகமும் பழக்கியவர்கள். ஒருவர் செய்யக்கூடியதைவிட அதிகமாகவே செய்தார்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒருவன் பட்டணத்துப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தால் அது தோட்டம் முழுவதும் பேசும் செய்தியானது. அது செய்தியாகும் அளவுக்கு அரிது என்பதுதான் அந்த மண்டபத்தின் கணக்கு.

கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் கிராமங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. தோட்டப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்தபடியே இருந்தது. 1947இன் திருத்தச் சட்டம் தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்க வழி திறந்தது. அந்த வழியே உள்ளே வந்த பள்ளிகள் மிகச் சில. அதே ஆண்டு நடந்த தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். அவர்களில் ஒருவர், மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து தலவாக்கலைத் தொகுதியில் வென்ற சி. வி. வேலுப்பிள்ளை. தோட்டத்துப் பிள்ளையின் குரலை நேரில் அறிந்த ஒருவர் சபையில் உட்கார்ந்திருந்த அந்தக் காலம் நீடிக்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரின் வாக்கைப் பறித்தன. 1952 தேர்தலில் அந்த ஏழு தொகுதிகளிலும் அவர்களுடைய ஆள் இல்லை.

வாக்கில்லாதவர் வாசலுக்கு வேட்பாளர் வருவதில்லை. வேட்பாளர் வராத ஊரில் "எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு வாத்தியார் வேண்டும்" என்று யாரிடம் கேட்பது? 1960, 61இல் அரசு உதவிபெறும் பள்ளிகளை நாடெங்கும் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் தோட்டங்களிடமே விடப்பட்டன. வகுப்பின் அளவைப் பற்றிப் பிற நாடுகள் ஆய்வுக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளில், இங்கே அது குடியுரிமையின் அளவாக இருந்தது.

பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. வாத்தியார் கூடாமலே வகுப்பு சிறுத்தது.

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேரை இலங்கையில் வைத்துக்கொள்ளவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டன. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு 'இராமானுஜம்' கப்பலேறிய குடும்பங்களோடு பள்ளிப் பிள்ளைகளும் போனார்கள். 1973, 74இல் தோட்டங்களை உணவுப் பஞ்சம் வாட்டியது. மாவும் அரிசியும் இல்லாத வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. வந்த பிள்ளையும் மயங்கி விழுந்தது. சில பெயர்கள் இடாப்பிலிருந்து நிரந்தரமாகவே வெட்டப்பட்டன. ஆசிரியர்–மாணவர் விகிதத்தை மட்டும் பார்க்கும் புள்ளிவிவரக்காரருக்கு இது முன்னேற்றமாகத் தெரிந்திருக்கும். மலையகத்தார் இந்த விகிதத்தை எச்சரிக்கையோடு பார்ப்பதற்கு இந்த ஆண்டுகள் போதிய காரணம்.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977இல் தொடங்கித் தோட்டப் பள்ளிகளும் கட்டம் கட்டமாக அரசின் கைக்கு வந்தன. அந்த ஆண்டுத் தேர்தலில் வென்ற தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1978இல் அமைச்சரானார். தோட்டத்திலேயே பிறந்து சாதாரண தரம் தேறிய இளைஞர்களும் யுவதிகளும் 1980களில் ஆசிரியர் நியமனம் பெற்றார்கள். லயத்துப் பெற்றோருக்கு, தங்கள் பிள்ளை சாக்கட்டி பிடித்து நிற்பதைப் பார்ப்பது எத்தகைய நிகழ்வு என்பதை அந்தத் தலைமுறையினர் இன்றும் கண்கலங்கிச் சொல்வார்கள். மகாவலித் திட்டத்தில் கொத்மலை அணைக்கு உதவிய சுவீடன், அணை திறக்கப்பட்ட 1985ஐ அடுத்த ஆண்டே பெருந்தோட்டப் பள்ளிகளுக்கான அபிவிருத்தித் திட்டத்துக்கும் பணம் தரத் தொடங்கியது. கட்டடங்கள் எழுந்தன, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கிடைத்தது, ஒரு வாத்தியார் பள்ளிகள் பலவற்றில் இரண்டாமவரும் மூன்றாமவரும் வந்தார்கள். பிள்ளைகள் கூடுதலாக வந்தார்கள், கூடுதலாகத் தங்கினார்கள்.

கொத்மலையில் நீர் நிரம்பிய அதே 1985இல், உலகின் மறுகோடியில், அமெரிக்காவின் டென்னசி மாநிலம் வகுப்பின் அளவை நேராகவே சோதிக்கப் புறப்பட்டது. அதற்கு ஆறு ஆண்டு முன்பு ஜீன் கிளாஸ், மேரி லீ ஸ்மித் என்ற இருவர் 77 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, வகுப்பு 20க்கும் 15க்கும் கீழே போகும்போதுதான் பலன் தெளிவாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தார்கள். 'அது ஊகம்' என்றவர்களுக்குப் பதில்சொல்ல டென்னசி 79 பள்ளிகளைத் தேர்ந்தது. பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து, சில வகுப்புகளில் 13 முதல் 17 பேர், மற்றவற்றில் 22 முதல் 25 பேர் என்று அமர்த்தியது. மூன்றாவது வகையில் பெரிய வகுப்புக்கே ஓர் உதவியாளர் கொடுக்கப்பட்டார். நான்கு ஆண்டுகள் நடந்த இந்தச் சோதனையில் சிறிய வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணிதத்திலும் முந்தினார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வறிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் பலன் கூடுதலாக இருந்தது. பிற்பாடு கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு உட்கார்ந்தவர்களிலும் சிறிய வகுப்பில் படித்தவர்களே கூடுதல். உதவியாளர் கொடுத்த பெரிய வகுப்பில் அப்படியொன்றும் நடக்கவில்லை.

ஆதாரம் இவ்வளவு தெளிவாக இருந்தும் வாதம் ஓயாததற்குக் காரணம் உண்டு. எரிக் ஹனுஷெக் போன்ற பொருளியலாளர்கள் எதிர்க்கேள்வி போட்டார்கள்: அமெரிக்கப் பள்ளிகளில் பல பத்தாண்டுகளாக ஓர் ஆசிரியருக்கான மாணவர் தொகை குறைந்துகொண்டே வந்திருக்கிறது, மதிப்பெண்கள் ஏன் அதற்கேற்ப ஏறவில்லை? அதே பணத்தை நல்ல ஆசிரியரைத் தேடுவதில் செலவிட்டால் என்ன? 1996இல் கலிபோர்னியா ஆரம்ப வகுப்புகளை 20 பேருக்கு இறக்கியபோது அவர்கள் பயந்தது நடந்தது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். வசதியான பள்ளிகள் அனுபவசாலிகளை இழுத்துக்கொண்டன. ஏழை வட்டாரங்களுக்குப் பயிற்சி இல்லாதவர்கள் வந்து சேர்ந்தார்கள். வகுப்பு சிறிதாயிற்று, அங்கே நின்ற ஆள் மாறிவிட்டார்.

டென்னசியும் கலிபோர்னியாவும் எங்கோ இருக்கின்றன. கென்யா மலையகத்துக்குக் கிட்ட இருக்கிறது. அதுவும் தேயிலை விளையும் பூமி. மேற்குக் கென்யாவில் 2005இல் எஸ்தர் டுஃப்லோ, பஸ்கலின் டூபா, மைக்கேல் கிரெமர் மூவரும் நடத்திய ஆய்வைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. தெரிவுசெய்த பள்ளிகளின் நிர்வாகக் குழுக்களுக்குப் பணம் கொடுத்து, முதலாம் வகுப்புக்கு ஓர் ஒப்பந்த ஆசிரியரை அவர்களே அமர்த்திக்கொள்ள வைத்தார்கள். சம்பளம் அரச ஆசிரியரின் சம்பளத்தில் கால்பங்கு. வகுப்பு சராசரி 82 பேரிலிருந்து 44ஆக இறங்கியது. பழைய அரச ஆசிரியரிடமே தங்கிய பிள்ளைகளுக்கு, வகுப்பு பாதியாகியும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. புதிய ஒப்பந்த ஆசிரியரிடம் போனவர்கள் முன்னேறினார்கள். காரணங்களில் ஒன்று வெளிப்படை: புதியவர் நாள்தோறும் வந்தார், பழையவர் 'இன்னொருவர் இருக்கிறாரே' என்று வரவைக் குறைத்துக்கொண்டார்.

இந்த முடிவை மலிவாக வாசிப்பது எளிது. 'வகுப்பின் அளவு பொருட்டல்ல. குறைந்த சம்பளத்துக்கு ஆள் எடுத்தால் போதும்.' அப்படித்தான் பல அரசாங்கங்கள் வாசித்தன. கென்ய அரசே இத்திட்டத்தை நாடளவில் விரித்தபோது நடந்ததை வேறொரு ஆய்வுக் குழு அளந்து பார்த்தது: தொண்டு நிறுவனம் நடத்திய இடங்களில் பலன் இருந்தது, அரசு நடத்திய இடங்களில் மறைந்துபோனது. சம்பளக் குறைப்பில் மந்திரம் எதுவும் இருக்கவில்லை. பிள்ளையின் முன்னால் ஒருவர் நாள்தோறும் நிற்க வேண்டும், அவரை யாராவது கவனிக்க வேண்டும் என்பதில்தான் விஷயம் இருந்தது.

இலங்கைக்கும் இதில் ஓர் அத்தியாயம் உண்டு. 2010களின் நடுப்பகுதியில் பெருந்தோட்டப் பள்ளிகளின் வெற்றிடங்களை நிரப்ப 3,000க்கும் மேற்பட்டவர்கள் 'ஆசிரிய உதவியாளர்' என்ற பெயரில் நியமிக்கப்பட்டார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். போராட்டங்களுக்குப் பிறகு 10,000 ஆனது. பயிற்சிக் கலாசாலைக்குப் போய் வந்து நிரந்தரமாகும் வரை இதுதான். தோட்டத்திலிருந்து பள்ளிக்குப் போய்வரும் பஸ் காசுக்கும் மதியச் சாப்பாட்டுக்குமே அது போதவில்லை. அவர்கள் வந்ததால் விகிதம் காகிதத்தில் இறங்கியது உண்மை. முழு ஆசிரியரின் வேலையைச் செய்பவருக்கு உதவியாளர் என்று பெயர் வைத்துத் துரை காலத்துச் செலவுக் கணக்கையே அரசு திரும்பப் போட்டது என்பதும் உண்மை. உயர்தரம் தேறிய அந்தப் பிள்ளைகள் பலர் மனமுவந்து உழைத்தார்கள். அந்த உழைப்பைக் காட்டி அந்தச் சம்பளத்தை நியாயப்படுத்த யாருக்கும் உரிமையில்லை.

இன்று நிலைமை தலைகீழ். இலங்கை முழுவதற்கும் எடுத்தால் ஓர் ஆசிரியருக்கு 17, 18 மாணவர்கள்தான். தெற்காசியாவில் பொறாமைப்படத்தக்க எண். நாட்டின் ஏறத்தாழ 10,000 அரசுப் பள்ளிகளில் ஏறக்குறைய 3,000 பள்ளிகளில் 100 பிள்ளைகள்கூட இல்லை. மறுபக்கம், கொழும்பிலும் கண்டியிலும் பெயர்பெற்ற பள்ளிகளின் முதலாம் தர வகுப்பில் 40ஐ ஒட்டிய பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு உட்காருகிறார்கள். அந்த இடத்துக்காகப் பெற்றோர் வழக்குக்கும் போகிறார்கள். சராசரி என்ற ஒற்றை எண் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுகிறது. அது இன்னொன்றையும் மறைக்கிறது: தோட்டப் பள்ளியில் தலைக்கணக்குக்கு ஆசிரியர் இருப்பார், கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ ஆங்கிலத்துக்கோ இருக்க மாட்டார். 15 பேர் கொண்ட வகுப்பில் கணித ஆசிரியர் இல்லையென்றால் அந்த 15 என்ற எண்ணால் பிள்ளைக்கு என்ன பயன்?

கொத்மலை நுவரெலியா மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களில் ஒன்று. இளையவர்கள் கொழும்புக் கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்ட தோட்ட டிவிசன்களில் பிள்ளைகளின் தொகை சுருங்கிவருகிறது. இத்தகைய டிவிசன் பள்ளிகளில் முதலாம் தரத்தில் நான்கு பேர், இரண்டாம் தரத்தில் மூன்று, மூன்றாம் தரத்தில் ஐந்து என்று சேர்த்து ஒரே டீச்சர் பார்த்துக்கொள்ளும் நிலை வருகிறது. வகுப்பு டென்னசியின் சிறிய வகுப்பைவிடச் சிறியது. ஆனால் டென்னசியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே தரம். இங்கே டீச்சரின் நேரம் மூன்றாகப் பிளக்கிறது.

1998இன் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று பாடத்தை அழகாகவே வகுத்தது. ஆசிரியர் வழிகாட்டியோ ஒரு தரத்துக்கு ஓர் ஆசிரியர் என்று எண்ணி எழுதப்பட்டது. மூன்று தரத்தின் மூன்று வழிகாட்டிகளையும் மேசையில் விரித்துக்கொண்டு நிற்கும் டீச்சர், எதை விடுவது என்பதை ஒவ்வொரு காலையும் தாமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. லண்டனைச் சேர்ந்த அஞ்சலா லிட்டில், மலையகக் கல்வியின் வரலாற்றை 1999இல் நூலாக எழுதியவர், பிற்பாடு இந்தப் பல்தர வகுப்புகளை உலகளவில் ஆராயக் கிளம்பினார். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மஞ்சுளா விதானபத்திரண, கணிதப் பாடத்திட்டத்தையே பல்தர வகுப்புக்கு ஏற்ப மாற்றியடுக்கிச் சோதித்தார். ஒரே தலைப்பை எல்லாத் தரத்துக்கும் ஒரே நாளில் தொடங்கி, வேலையை மட்டும் தரத்துக்குத் தக்கபடி பிரிப்பது போன்ற வழிகள் இருக்கின்றன. அவை ஆசிரியருக்குக் கற்பிக்கப்பட வேண்டும், தானாக வராது.

இதே சிக்கலைத் தமிழ்நாடு வேறொரு வழியில் எதிர்கொண்டது. 2003இல் மாநகராட்சி ஆணையராயிருந்த எம். பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளிகளின் அட்டைமுறையைக் கொண்டுவந்தார்; 2007 முதல் அது செயல்வழிக் கற்றலாக மாநிலம் முழுவதும் பரவியது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஏணிப்படி அட்டையில் தங்கள் இடத்தைத் தாங்களே கண்டு, அடுத்த அட்டையை எடுத்தார்கள். கொலம்பியாவின் கிராமங்களில் விக்கி கோல்பெர்ட் 1970களில் தொடங்கிய 'புதிய பள்ளி'யும் இதற்கு உறவு. அங்கும் ஓர் ஆசிரியர், பல வகுப்பு, மலைப்பாதை. தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் சடங்காகிப் போன பள்ளிகளும் உண்டு. அட்டை எடுத்தால் போதும், பிள்ளை படித்ததா என்று பார்ப்பாரில்லை. ஆனால் ஓர் உண்மையை அது நிறுவியது: ஒருவர் பல தரங்களை நடத்தும் வகுப்பு கைவிடப்பட்ட வகுப்பாக இருந்தாக வேண்டியதில்லை.

மும்பையிலும் வடோதராவிலும் 2001இலிருந்து நடந்த 'பால்சகி' ஆய்வு இன்னொரு கோணம் தருகிறது. வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளை 20 பேராக வெளியே அழைத்துப் போய், அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் நாளுக்கு இரண்டு மணி நேரம் அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். அவர்கள் வெளியேறியதால் சிறுத்துப்போன பழைய வகுப்பில் மிஞ்சியவர்களுக்கு மாற்றமில்லை. ஆசிரியர் பழைய பாடத்தைப் பழைய வேகத்தில் நடத்திக்கொண்டிருந்தார். வகுப்பு சிறுத்தால் ஆசிரியருக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. பிள்ளையின் கொப்பியைப் பார்க்க, அது எந்த இடத்தில் தடுக்குகிறது என்று கேட்க, பெயர் சொல்லி அழைக்க நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தை என்ன செய்வது என்று அவருக்கு யாரும் காட்டவில்லையென்றால் நேரம் வீணாகிறது.

அதனால் அளவு பொருட்டே இல்லை என்று ஆகிவிடாது. சிறிய வகுப்பு போதாது என்று சொல்வது வேறு, தேவையில்லை என்று சொல்வது வேறு. தேவையில்லை என்று சொல்பவர்களின் பிள்ளைகள் 80 பேர் உள்ள மண்டபத்தில் உட்கார்ந்ததில்லை. மலையகத்தின் எழுபது ஆண்டுகள் அந்த மண்டபத்தில் கழிந்தன. அதன் விலையைக் கொடுத்தவர்கள் ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தூக்கியவர்கள். தேயிலையின் இலாபம் நாட்டுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் இரண்டாவது வாத்தியாருக்குச் சம்பளம் இல்லை என்று சொல்லப்பட்டது. அந்தக் கடன் இன்னும் தீர்க்கப்படவில்லை.

இப்போது வேறொரு கணக்கு மேசைக்கு வந்திருக்கிறது. குறைந்த எண்ணிக்கையுள்ள பள்ளிகளை மூடுவதா, பக்கத்துப் பள்ளியோடு இணைப்பதா என்ற பேச்சு கல்வி அமைச்சில் திரும்பத் திரும்ப எழுகிறது. இணைத்தால் தரத்துக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பார், பாட ஆசிரியரும் கிடைக்கலாம் என்பது பொய்யில்லை. ஆனால் மலையகத்தில் பக்கத்துப் பள்ளி என்பது வரைபடத்தில்தான் பக்கம். மேற்பிரிவு லயத்திலிருந்து பாதைக்கு இறங்கவே ஆறு வயதுப் பிள்ளைக்கு அரைமணி ஆகும். அடைமழைக்கு மண் சரியும் காலத்தில் அந்தப் பாதையும் இருக்காது. தாய் விடியலிலேயே மலைக்குப் போய்விடுகிறாள். பிள்ளையைக் கொண்டுவிட ஆளில்லை. இணைப்பு என்றால் முதலில் வாகனத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டும், பிறகுதான் பூட்டுப் போட வேண்டும். இந்த வரிசை மாறினால் சிறிய வகுப்புப் பிள்ளைகள் பெரிய வகுப்புக்குப் போக மாட்டார்கள், இடாப்பிலிருந்தே போய்விடுவார்கள்.

மூடாமல் வைத்திருக்கும் பள்ளிக்கு வேண்டியதும் தெரிந்ததுதான்: பல தரங்களை ஒன்றாக நடத்தப் பழகிய ஆசிரியர், அதற்கென எழுதிய வழிகாட்டி, அவர் தங்க ஒரு நல்ல விடுதி. கடைசி ஒன்றை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பட்டணத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து மதிய பஸ்ஸுக்கு ஓடும் ஆசிரியரின் வகுப்பில் பத்துப் பேர் இருந்தாலும் ஐம்பது பேர் இருந்தாலும் பிள்ளைக்குக் கிடைக்கும் நேரம் ஒன்றுதான்.

அப்படிப்பட்ட ஆசிரியர்களை மலையகத்துக்காகவே உருவாக்க ஜெர்மனியின் உதவியோடு கொட்டகலைக்கு அருகே பத்தனையில் எழுந்தது ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி. அங்கே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் என்பதை ஒட்டி மூண்ட சர்ச்சை அடுத்த இதழில்.